ஏழாம் நம்பர் நத்தை

அந்தத் தேயிலைத் தோட்டத்தில் மூன்று பூரணிகள் இருந்தார்கள். கோயிலுக்குப் பக்கத்து வீட்டு வரிசையான லயத்தில் இருந்தவள் கோயில் பூரணி. சந்தியில் சில்லறைக் கடை வைத்திருந்தவள் கடைப் பூரணி. மூன்றாவது ஆளுக்கு, அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமலே, நத்தைப் பூரணி என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

முதலில் அவளுக்குக் கோபம்தான் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால் கோபப்பட நியாயமே இல்லை. பூண்டுலோயாவுக்கு மேலே உள்ள அந்தத் தோட்டத்தில் பதினேழு வருஷமாகக் கொழுந்து பறிக்கிறாள். கை பாட்டுக்குக் கொழுந்தைக் கிள்ளிக்கொண்டே போகும். கண் மட்டும் இலைக்கு அடியில் எதையோ தேடிக்கொண்டிருக்கும். மற்றப் பெண்கள் அட்டை ஏறுகிறதா என்று காலைப் பார்ப்பார்கள். இவள் நத்தை ஊர்கிறதா என்று செடியைப் பார்ப்பாள். கண்ணில் பட்டால் இடுப்பில் செருகியிருக்கும் தைல டப்பிக்குள் போட்டுக்கொண்டு, தேத்தண்ணி நேரத்தில் திறந்து உள்ளங்கையில் விட்டுப் பார்ப்பாள். பார்த்து முடிந்ததும் எடுத்த செடியிலேயே கொண்டுபோய் விட்டுவிடுவாள். சிலது மட்டும் ஒரு ராத்திரி வீட்டுக்கு வந்துபோகும். அவ்வளவுதான். எதற்கு என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

"அதுல என்னாதான் புள்ள இருக்கு?" என்று நல்லமுத்து கங்காணி ஒரு நாள் கேட்டார். பறிக்கிற பெண்களை மேய்க்கிற வேலை அவருக்கு.

"பாருங்க கங்காணி அண்ணே, இது ஓட்டுல மஞ்சக் கோடு. நேத்துப் பாத்ததுல கோடு இல்ல."

"கோட்ட நான் பாக்குறேன். நீ கொழுந்தப் பாரு" என்றார் கங்காணி. ஆனால் டப்பியைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்துவிட்டுத்தான் போனார்.

பள்ளிக்கூடத்தில் பூரணிக்கு விஞ்ஞானம்தான் நன்றாக வந்தது. பத்தாம் வகுப்பில் அப்பாவுக்கு மலையில் விழுந்து இடுப்பு முறிந்ததால் அவள் பேரைப் பதிந்து வேலைக்குப் போகவேண்டியதாயிற்று. அதைப் பற்றி அவள் அழுதுகொண்டிருக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் விட்டதை மலையில் பார்த்துக்கொள்ளலாம் என்பதுபோல நடந்துகொண்டாள். பூண்டுலோயா டவுனில் த்ரீவீலர் ஓட்டுகிற ஜீவராஜைக் கல்யாணம் செய்து தோட்டத்து லயம் ஒன்றின் கடைசிக் காம்பரா அறையில் குடியேறினாள். முதல் கிழமையிலேயே அவன் நெருப்புப்பெட்டி என்று நினைத்து ஒன்றைத் திறந்து, உள்ளே இருந்து இரண்டு கொம்பு நீள்வதைக் கண்டு போட்ட சத்தத்தில் பன்னிரண்டு காம்பராச் சனமும் இஸ்தோப்புத் திண்ணைக்கு வந்துவிட்டது. பாம்புக்குப் பயப்படாத ஜீவராஜுக்கு நத்தை என்றால் உடம்பு கூசும். ஆனாலும் நெருப்புப்பெட்டியை அன்றைக்கும் சரி, பிறகும் சரி, அவன் வெளியே வீசவில்லை. பூரணிக்கு அவன்மேல் அந்த ஒரு காரணத்துக்காகவே தனிப் பிரியம்.

போன வருஷம் ஆவணியில் ஒரு காலை, பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பேர் கூப்பிட்டு முடிந்ததும், தோட்டத்து ஐயா ஒரு பெண்ணைக் கூட்டிவந்து நிறுத்தினார். முதுகில் பை, காலில் சேற்றுச் சப்பாத்து. பேர் சுதர்ஷினி. பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறாளாம்.

"நான் வட்டவளைத் தோட்டந்தான். எங்கம்மாவும் கொழுந்து எடுத்தவங்கதான்" என்று ஆரம்பித்தாள். "தேயிலைக்குள்ள எத்தன வகை நத்தை இருக்குதுன்னு கணக்கெடுக்கிறேன். உங்கள்ல யாராவது..."

மீதியைச் சொல்ல விடவில்லை. அறுபது பேரும் ஒரே நேரத்தில் சிரித்து, ஒரே நேரத்தில் ஒரு பக்கம் கையை நீட்டினார்கள். பூரணி கொழுந்துக் கூடைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள். மறைத்தாலும் சிரிப்பு பல்லில் தெரிந்தது.

அன்றைக்குத் தேத்தண்ணி நேரத்தில் சுதர்ஷினி அவளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். டப்பியில் இருந்ததைப் பார்த்தாள். கோடு உள்ளது, கோடு இல்லாதது, எது மழைக்கு வெளியே வரும், எது வெயிலில் இலைக்கு அடியில் ஒட்டிக்கொண்டு கிடக்கும் என்று பூரணி சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே இருந்தாள். ஒருவர் தன் பேச்சைக் கேட்டுப் பேனாவால் எழுதுவதைப் பூரணி வாழ்க்கையில் அன்றுதான் கண்டாள்.

"அக்கா, எனக்கு நீங்க போட்டோ எடுத்து அனுப்புவீங்களா? நேரா மேல இருந்து எடுக்கணும். வானத்துல இருந்து பாக்குற மாதிரி. கொஞ்சம் சாய்ஞ்சாலும் அளவு பிழைச்சிரும், ஓட்டோட சுருளையும் எண்ண ஏலாது. அடியில கட்டம் போட்ட கணக்குக் கொப்பித் தாள் ஒண்ணு வையுங்க, கட்டத்த வெச்சு நான் அளவு பாத்துக்குவேன். எடுத்து முடிஞ்சதும் அது இருந்த செடியிலயே விட்டுருங்க. எங்க விட்டீங்கன்னு மட்டும் எழுதி வையுங்க."

"அது என்னா மிஸ், எடுத்துரலாம்" என்றாள் பூரணி.

எடுக்க முடியவில்லை.

இஸ்தோப்பில் கணக்குக் கொப்பித் தாளை விரித்து, கடலைப்பருப்பு அளவு நத்தையை நடுவில் வைத்து, இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். முதல் படத்தில் நத்தையைக் காணோம், அவளுடைய தலையின் நிழல் மட்டும் இருந்தது. இரண்டாவது படம் கை நடுங்கிக் கலங்கிப்போனது. மூன்றாவதில் நத்தை தெளிவாக இருந்தது, ஆனால் சாய்ந்து, மலைச்சரிவில் நிற்கிற மாடு மாதிரி இருந்தது. இருபது படம் எடுத்ததில் முதுகு பிடித்துக்கொண்டது. இருந்ததில் நல்லதாக நான்கை அனுப்பினாள். 'அழகா இருக்கு அக்கா. ஆனா நேரா மேல இருந்து வேணும்' என்று பதில் வந்தது.

அடுத்த நாள் போனை வெங்காயம் வாங்கி வந்த வலைப்பைக்குள் போட்டு, துணி காயப்போடும் கொடியில் தொங்கவிட்டாள். காற்று வீசியதும் போன் தொட்டில் மாதிரி ஆட ஆரம்பித்தது. பிடித்து நிறுத்தினால், விட்டதும் மெல்லத் தானாகச் சுற்றியது. ஜீவராஜ் வாசலில் நின்று கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தான்.

"தாலாட்டுப் பாடவா?" என்று கேட்டான்.

"போங்க அங்கிட்டு" என்றாள் பூரணி. அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

வழி கிடைத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, தலை சீவும்போது. அவளிடம் ஒரு பவுடர் பெட்டி இருந்தது, மூடியின் உட்பக்கம் வட்டக் கண்ணாடி வைத்தது. பவுடர் எப்போதோ தீர்ந்துவிட்டது, கண்ணாடிக்காக வைத்திருந்தாள். மூடியைப் பாதி திறந்தபடி மேசையில் வைத்துவிட்டுச் சீப்பை எடுக்கக் குனிந்தவளுக்கு, சாய்ந்திருந்த கண்ணாடிக்குள் பெட்டியின் அடித்தட்டு முழுசாகத் தெரிந்தது. பக்கத்தில் இருந்து பார்க்கிறாள். ஆனால் கண்ணாடியில் தெரிவது மேலே இருந்து பார்த்தது மாதிரி இருந்தது.

சீப்பைப் போட்டுவிட்டாள். பெட்டியின் அடித்தட்டு அளவுக்குக் கட்டத்தாளை வட்டமாக வெட்டி உள்ளே வைத்தாள். மூடி அதே சாய்வில் நிற்பதற்கு ஓரத்தில் ஒரு பென்சில் அழிறப்பர் துண்டை முட்டுக் கொடுத்தாள். போனைக் கையில் பிடிக்கவே வேண்டாம். அரிசித் தகரப் பேணியில் சாய்த்துப் பெட்டிக்கு நேராக நிறுத்தினாள். தலை நிழல் இல்லை. ஆட்டம் இல்லை. முதுகு வலி இல்லை. நத்தை தட்டில் உட்கார்ந்திருக்க, கண்ணாடிக்குள் அதன் ஓடு தோசை மாதிரி வட்டமாக, சுருள் சுருளாகத் தெரிந்தது. சுருளை அவளாலேயே எண்ண முடிந்தது. நாலரை.

அந்தக் கிழமை முழுக்க, வேலை விட்டு வந்ததும் ஒன்று இரண்டாகப் படம் எடுத்தாள். பதினொரு நத்தைக்குப் பதினொரு படம். ஒவ்வொன்றுக்கும் கொப்பியில் ஒரு வரி: எந்த மலை, எத்தனையாவது தண்ணீர்க் கான், எந்தச் செடி. ஒவ்வொன்றையும் மறுநாள் காலையில் அதனதன் செடியில் கொண்டுபோய் விட்டாள். ஞாயிற்றுக்கிழமை பதினொன்றையும் வரிசையாக அனுப்பினாள். கை தட்டுகிற படமும் பூப்படமுமாகப் பதில் வந்தது. பூரணி அதை லயத்தில் எல்லாருக்கும் காட்டினாள். கண்ணாடி விஷயத்தை மட்டும் யாருக்கும் சொல்லவில்லை. அது அவளுடைய கண்டுபிடிப்பு. நேரில் வரும்போது சுதர்ஷினிக்குக் காட்டி அசத்தவேண்டும் என்று இருந்தாள்.

மறுநாள் பின்னேரம் போன் அடித்தது.

"அக்கா, ஒண்ணு கேக்கிறேன், கோச்சுக்காதீங்க" என்றாள் சுதர்ஷினி. "நீங்க அனுப்பினதுல பத்து நத்தைக்குச் சுருள் எதிர்ப்பக்கமாச் சுத்துது."

"எதிர்ப்பக்கம்னா?"

"இந்த வகை நத்தைக்கு நடுவுல இருந்து வெளிய வரும்போது சுருள் கடிகார முள் சுத்துற பக்கம் போகும். உங்க படத்துல அந்தப் பத்தும் முள்ளுக்கு எதிராப் போகுது. அப்பிடி ஒண்ணு கிடைக்கிறதே அபூர்வம். பத்து கிடைக்கவே கிடைக்காது. கண்ணாடி கிண்ணாடி ஏதாவது வெச்சு எடுத்தீங்களா?"

பூரணி போனைத் தோளில் இடுக்கிக்கொண்டாள். ஒரு துண்டுத் தாளில் 'பூ' என்று எழுதிப் பவுடர் பெட்டிக்குள் வைத்து மூடியைச் சாய்த்துப் பார்த்தாள். கண்ணாடிக்குள் இருந்த எழுத்து திரும்பிக்கொண்டு நின்றது. கண்ணாடியில் பார்த்தால் வலம் இடமாகும். தினமும் பொட்டு வைக்கிறவளுக்கு அது தெரியாதா? தெரியும். நத்தைக்கும் அதுதான் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான்.

"ஐயோ மிஸ்! பவுடர் பெட்டிக் கண்ணாடி மிஸ்!" என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். "எல்லாம் வீணாப் போச்சா?"

அந்தப் பக்கத்தில் சுதர்ஷினி சிரிக்கிற சத்தம் கேட்டது. பரிகாசச் சிரிப்பு இல்லை.

"வீணாப் போகல. நான் படத்தத் திருப்பிப் போட்டுப் பாத்துக்குவேன். ஆனா அக்கா, கேளுங்க. நான் பத்துன்னுதான் சொன்னேன். நீங்க அனுப்பினது பதினொண்ணு. ஏழாவது மட்டும் முள் சுத்துற பக்கம் சுத்துது."

பூரணிக்கு உடனே விளங்கவில்லை. தாளில் ஒரு சுருள் வரைந்தாள். கண்ணாடியில் பார்த்தாள். இன்னொரு சுருளை எதிர்ப்பக்கமாக வரைந்து பார்த்தாள். பத்தும் கண்ணாடியால் மாறித் தெரிந்தவை என்றால், ஏழாவதும் மாறித்தான் தெரிந்திருக்கிறது. கண்ணாடியில் சரியாகத் தெரிகிற நத்தை...

"மிஸ்," என்றாள் மெதுவாக. "அப்ப ஏழாவதுதான் உண்மையில எதிர்ப்பக்கம் சுத்துது."

"அதேதான். ஆனா கண்ணாடிப் படத்த வெச்சு நான் யார்கிட்டயும் பேச ஏலாது. கண்ணாடி இல்லாம, நேரா மேல இருந்து ஒரு படம் வேணும். நத்தை எங்க?"

நத்தை மலையில் இருந்தது. அவளே கொண்டுபோய் விட்டிருந்தாள்.

கொப்பியைப் புரட்டினாள். ஏழாவதுக்கு நேரே எழுதியிருந்தது: 'பத்தாம் நம்பர் மலை. ரெண்டாம் கான். வெடிச்ச பாறைக்குக் கீழ் வரிசை. நாலாவது செடி.' பத்தாம் நம்பர் மலைக்கு வியாழக்கிழமைதான் பறிக்கப் போவார்கள். அதற்குள் படம் எடுக்க வேறு ஏற்பாடு செய்தாகவேண்டும்.

செவ்வாய்க்கிழமை ஜீவராஜின் த்ரீவீலரில் ஹேண்டிலுக்குப் பக்கத்தில் போன் மாட்டுகிற பிடியைக் கழற்றி, கொழுந்து மட்டம் பார்க்க மலையில் செடிமேல் வைக்கிற கம்பின் நுனியில் கட்டினாள். கம்பை, உட்காருகிற இரண்டு கதிரைக்கு இடையில் கிடத்தினாள். போனின் பாரத்துக்குக் கம்பு உருண்டு, பிடியோடு போன் தலைகீழாகத் தொங்கியது. கல்லை வைத்து அண்டை கொடுத்துப் பார்த்தாள், கதிரை சரிந்தது. ஜீவராஜ் ஹயர்ச் சவாரி போகப் புறப்பட்டு வந்து, பிடி இருந்த இடத்தில் இரண்டு ஆணி ஓட்டையைக் கண்டான்.

"நான் மேப்ப எங்க வெச்சுப் பாக்குறது?"

"இந்த டவுன்ல உங்களுக்கு மேப்பு எதுக்கு? நாலு ரோடுதான இருக்கு."

அவன் யோசித்துப் பார்த்து, அதுவும் சரிதான் என்று போய்விட்டான்.

புதன்கிழமை வேலை முடிந்து வருகிற வழியில் பிள்ளைக் காம்பராவில் எட்டிப் பார்த்தாள். தாய்மார் மலைக்குப் போகும்போது சின்னப் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. பார்த்துக்கொள்கிற கிருஷாந்தி அவளுடைய சிநேகிதி. பிள்ளைகள் போய்விட்டார்கள். கிருஷாந்தி குட்டிக் குட்டி பிளாஸ்டிக் ஸ்டூல்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு ஸ்டூலின் உட்காரும் பலகைக்கும் நடுவில், தூக்குவதற்கு விரல் விடுகிற வட்ட ஓட்டை.

பூரணி அந்த ஓட்டையைப் பார்த்தாள். கிருஷாந்தி பூரணியைப் பார்த்தாள்.

"என்னா அக்கா, ஸ்டூல இப்பிடிப் பாக்குறீங்க?"

"ஒண்ணத் தா புள்ள. போனையும் தா. என்னோடது சார்ஜ் இல்ல."

ஸ்டூலை நிமிர்த்தி வைத்து, போனைப் பலகைமேல் படுக்கவைத்து, கமரா ஓட்டைக்கு நேராக வருகிற மாதிரி நகர்த்தினாள். திரையில் கீழே சிமெந்துத் தரை தெரிந்தது, கொஞ்சமும் சாயாமல், நேர் மேலே இருந்து. ஆட்டவே முடியாது, நாலு வயதுப் பிள்ளை ஏறிக் குதித்தாலும் நிற்கிற ஸ்டூல். தரை தூரமாக இருந்தது. ஸ்டூலுக்குள் ஒரு பால்மாப் பேணியைக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் கட்டத்தாளைப் போட்டாள். கட்டம் பளிச்சென்று கிட்டே வந்தது. கொஞ்சம் இருட்டாக இருந்தது. பால்மாப் பைக்கற்றை வெட்டி விரித்து, உட்புறத்து வெள்ளிப் பக்கம் தெரிய ஸ்டூல் காலில் ஒட்டினார்கள். வெளிச்சம் திரும்பி உள்ளே விழுந்தது. விரல் பட்டால் போன் அசைகிறதே என்று கிருஷாந்திதான் ஹெட்போன் வயரைச் செருகி, அதில் சத்தம் கூட்டுகிற பொத்தானை அமுக்கினால் படம் விழும் என்று காட்டினாள். சோதித்துப் பார்க்க நத்தை இல்லை. கிருஷாந்தி தன் காதில் இருந்த தோட்டைக் கழற்றி வைத்தாள். படத்தில் தோட்டின் கல்லை ஒவ்வொன்றாக எண்ண முடிந்தது. இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தார்கள்.

வியாழக்கிழமை காலை பூரணி நல்லமுத்து கங்காணியிடம் போய் நின்றாள்.

"கங்காணி அண்ணே, இன்னைக்கு எனக்கு வெடிச்ச பாறைக்குக் கீழ் வரிசை வேணும்."

"எதுக்கு?"

உண்மையைச் சொன்னாள். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"நத்தைக்காக வரிசை கேட்ட ஆள நான் இப்பத்தான் பாக்குறேன். சரி, போ. கொழுந்தும் வரணும், ஆமா."

நாலாவது செடியில் நத்தை இல்லை. மூன்றாவதிலும் ஐந்தாவதிலும் இல்லை. பக்கத்து வரிசைப் பெண்கள் என்ன தேடுகிறாய் என்று கேட்டார்கள். பூரணி பேனாவால் உள்ளங்கையில் ஒரு சுருள் வரைந்து காட்டினாள்.

"இப்பிடிச் சுத்தினா விட்டுருங்க. இதுக்கு எதிர்ப்பக்கம் சுத்தினா என்னையக் கூப்புடுங்க."

அந்த வரிசையில் இருந்து அடுத்த வரிசைக்கும், அங்கிருந்து அதற்கும் மேலே உள்ள வரிசைக்கும் சுருள் கைக்குக் கை போனது. மழைத் தூறல் வேறு. நத்தைகள் வெளியே வந்துகொண்டிருந்தன. "இங்க ஒண்ணு!" என்று ஒருத்தி கூப்பிடுவாள். பூரணி கானைத் தாண்டி ஓடுவாள். சாதாரண நத்தை. "இங்க பாரு, இங்க பாரு!" மறுபடி ஓட்டம். அதுவும் சாதாரணம். தேத்தண்ணி நேரத்துக்குள் இருபத்துமூன்று நத்தை பார்த்தாயிற்று. இருபத்துமூன்றும் முள் சுற்றுகிற பக்கம்தான் சுற்றின. பூரணியின் சேலைக் கரை முழங்கால் வரை சேறு. கூடை நிறைந்திருந்தது, மனசு கொஞ்சம் தொய்ந்திருந்தது. ஒரு கிழமையில் நத்தை எவ்வளவு தூரம் போகும்? பறவை தூக்கியிருந்தால்?

மதியத்துக்குக் கொழுந்து நிறுக்கப் போகிற நேரம், வெடிச்ச பாறையின் மறுபக்கம் இருந்து ஒரு குரல் மலையே கேட்கிற மாதிரி வந்தது. கோயில் பூரணி. திருவிழாவில் ஒலிபெருக்கி இல்லாமலே பேசக்கூடியவள்.

"ஏ பூரணி! ஓடியா! உன் நத்தை என்னையப் பாத்து மொறைக்குது!"

பாறையின் வெடிப்புக்குள், பாசிமேல், கொம்பை நீட்டிக்கொண்டு அது உட்கார்ந்திருந்தது. பூரணி உள்ளங்கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். கையில் சுருள் ஒரு பக்கம். ஓட்டில் சுருள் மறுபக்கம். திரும்பவும் பார்த்தாள்.  கோயில் பூரணியைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் சேற்றைப் பூசிவிட்டாள்.

சோற்றுப் பெட்டியைக் காலி செய்து, ஈர இலை விரித்து, நத்தையை அதில் வைத்து, வேலை விடும்வரை அதைத் தன்னோடேயே வைத்திருந்தாள். நாலரைக்குப் பிள்ளைக் காம்பரா இஸ்தோப்பில் பதினைந்து பெண்கள் கூடிவிட்டார்கள். பனிமூட்டம் இறங்கியிருந்தது. வெளிச்சம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி, பால் மாதிரி இருந்தது. நிழல் என்று ஒன்று விழவே இல்லை. வெயிலை விடப் படத்துக்குப் பனிமூட்டம்தான் நல்லது என்று அன்றைக்குத்தான் பூரணி கண்டுகொண்டாள்.

கட்டத்தாளின் மூலையில் 'பூ' என்று எழுதினாள். எழுத்து நேராக இருந்தால் படம் திரும்பவில்லை என்று யாரும் தெரிந்துகொள்ளலாம். நத்தையைப் பேணிமேல் வைத்தாள். அது உடனே தலையை நீட்டி நடக்க ஆரம்பித்தது. திரையை விட்டு வெளியே போனது. எடுத்து நடுவில் வைத்தாள். மறுபடி போனது.

"எங்க அவசரமாப் போகுது? பஸ்ஸுக்கா?" என்றாள் கோயில் பூரணி. எல்லாரும் சிரித்ததில் ஸ்டூல் அதிர்ந்தது.

"சும்மா இருங்கடி!"

பதினைந்து பெண்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். பூரணி ஒரு புல் நுனியால் கொம்பை லேசாகத் தொட்டாள். கொம்பு உள்ளே போனது. தலை உள்ளே போனது. கட்டத்தாளின் நடுவில் ஓடு மட்டும், தட்டையாக, வட்டமாக இருந்தது. பொத்தானை அமுக்கினாள்.

படம் போய்ச் சேர்ந்து இரண்டு நிமிஷம் ஆகவில்லை. போன் அடித்தது. பூரணி எல்லாரும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா" என்றாள் சுதர்ஷினி. பிறகு மறுபடி "அக்கா" என்றாள். மூன்றாவது தரம் "அக்கா" என்றபோது அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "ஆயிரக்கணக்கில நான் எண்ணிட்டேன் அக்கா. எனக்கு ஒண்ணுகூடக் கிடைக்கல. பத்திரமா வெச்சிருங்க, ஞாயித்துக்கிழம வாரேன். நம்ம ஆளுங்க வலம்புரிச் சங்குன்னு கும்பிடுறாங்கல்ல, அதுவும் இதே மாதிரிதான், மத்த சங்கெல்லாம் சுத்துற பக்கத்துக்கு எதிராச் சுத்தினது."

"வலம்புரி நத்தையா!" என்று கோயில் பூரணி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "பாறையில நாந்தான் கண்டேன், அத அந்தப் பிள்ளகிட்டச் சொல்லு."

வெள்ளியும் சனியும் பூரணிக்கு வேலை. நத்தை ஒரு ஜாம் போத்தலுக்குள், ஈரப் பாசிமேல், வாயில் வலைத்துணி கட்டி இருந்தது. பாசி காயக்கூடாது. மத்தியானத்தில் தண்ணி தெளிக்க ஆள் வேண்டும்.

"என்னையவா சொல்ற?" என்றான் ஜீவராஜ்.

"தொடவேணாம். துணிய அவுத்து, தெளிச்சிட்டு, திரும்பக் கட்டிருங்க."

சனிக்கிழமை வேலை விட்டு வந்தபோது, வீட்டு வாசலில் த்ரீவீலர் நின்றது. பின்சீட்டில் ஜீவராஜ் மடியில் போத்தலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கரட் துண்டைப் பாசிமேல் போட்டுவிட்டு, அது தின்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"சத்தம் போடாத. இப்பத்தான் வெளிய வருது" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை சுதர்ஷினி முதல் பஸ்ஸில் வந்தாள். கண்ணாடி வில்லையை வைத்து நத்தையை அரை மணி நேரம் பார்த்தாள், அளந்தாள், எழுதினாள். அப்புறம் ஸ்டூலைப் பார்த்தாள். சுற்றிவந்து பார்த்தாள். ஓட்டைக்குள் கண்ணை வைத்துப் பார்த்தாள். பால்மாப் பேணியையும் வெள்ளிப் பேப்பரையும் தன் போனில் படம் எடுத்துக்கொண்டாள்.

"எங்க லெப்புல இருக்கிற ஸ்டாண்டுக்கு ஒரு திருகாணி இல்ல. ரெண்டு மாசமா யாரும் வாங்கிப் போடல. நாங்க எல்லாரும் அதத்தான் நம்பி இருக்கோம்" என்று சொல்லிச் சிரித்தாள். "நான் இதப் பத்தி ஒரு குறிப்பு எழுதப் போறேன். நத்தையக் கண்டவங்க, படம் எடுத்தவங்கன்னு உங்க பேரப் போடுவேன். பூரணி ஜீவராஜ்னு போடவா?"

"அவரு பேரு எதுக்கு மிஸ்? நத்தைக்குப் பயந்தவரு."

"ரெண்டு நாளாத் தண்ணி தெளிச்சது யாரு?" என்றான் ஜீவராஜ்.

"சரி, போட்டுக்குங்க" என்றாள் பூரணி. "பாறையில கண்டது கோயில் பூரணி. அவ பேரும் இருக்கணும். இல்லன்னா மலையில என்னைய நடக்க விடமாட்டா."

பதினொரு மணிக்கு எல்லாரும் பத்தாம் நம்பர் மலைக்கு ஏறினார்கள். பாறை வெடிப்புக்கு முன்னால் ஜீவராஜ் போத்தலைத் திறந்தான். கொஞ்சம் தயங்கினான். பிறகு இரண்டு விரலால் நத்தையின் ஓட்டைப் பிடித்து எடுத்து, தானே பாசிமேல் வைத்தான். வைத்துவிட்டு விரலைச் சட்டையில் ஐந்து தரம் துடைத்தான். நத்தை கொஞ்ச நேரம் யோசித்து, கொம்பை நீட்டி, வெடிப்புக்குள் நடந்து போனது. மறையும்வரை யாரும் அசையவில்லை.

திரும்பிப் பிள்ளைக் காம்பராவுக்குத் தேத்தண்ணி குடிக்க வந்தால், இஸ்தோப்பில் ஒரு வரிசை நின்றது. கிருஷாந்தியின் தோட்டுப் படம் லயம் லயமாகச் சுற்றிவிட்டிருந்தது. ஒருத்தி மூக்குத்தியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். ஒருத்தி மகளுக்கு விழுந்த முதல் பல்லைப் பஞ்சில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். சின்னராசா என்கிற தோட்டக்காரர் தான் விளைவித்த தக்காளியின் விதை ஒன்றை இலையில் ஏந்திக்கொண்டு நின்றார். கடைப் பூரணி கடையைப் பூட்டிவிட்டு வந்து, ஒரு செத்த பொன்வண்டைக் காட்டினாள். அதன் முதுகு பச்சையும் நீலமுமாக மினுங்கியது.

"மிஸ், பஸ் போயிரும்" என்று ஜீவராஜ் ஞாபகப்படுத்தினான்.

"அடுத்ததுல போறேன்" என்று சொல்லிவிட்டு சுதர்ஷினி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

பூரணி பேணிமேல் புதுக் கட்டத்தாளை விரித்தாள். பனிமூட்டம் இன்னும் முழுசாக வரவில்லை, ஆனால் மேல் மலையில் இருந்து இறங்கிக்கொண்டிருந்தது. போனை ஓட்டைக்கு நேராக நகர்த்தி, வெள்ளிப் பேப்பரைச் சரிசெய்து, ஹெட்போன் வயரைக் கையில் எடுத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"தள்ளாதீங்க, ஒவ்வொரு ஆளா வாங்க" என்றாள். "மொதல்ல அந்தப் பல்லக் குடு."